லாகின் பதிவைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

"நேற்று ராத்திரி இந்த சர்வருக்குள் யார் இருந்தார்கள்?" என்று கேள்வி வந்ததும் பலரும் லினக்ஸில், யார் எப்போது நுழைந்து வெளியேறினார்கள் என்று காட்டும் 'லாஸ்ட்' கட்டளையை அடித்து, வரும் பட்டியலை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதை வருகைப் பதிவேடு மாதிரி வாசிப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

அந்தப் பட்டியல் வழக்கமாக வருவது 'டபிள்யூடிஎம்பி' என்ற கோப்பிலிருந்து. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை, டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) லாகின் வாங்கும் நிரல் போன்றவை தத்தம் பங்குக்கு அதில் எழுதிவைக்கின்றன. எழுத வேண்டிய நிரல் எழுதாவிட்டால் பதிவு இல்லை, அவ்வளவுதான். எஸ்எஸ்ஹெச் மூலம் கோப்புகளைப் பரிமாறும் எஸ்எஃப்டிபி வழியாக ஒருவர் கோப்புகளை அள்ளிக்கொண்டு போனாலும், எஸ்எஸ்ஹெச்சில் ஒற்றைக் கட்டளையை மட்டும் ஓடவிட்டு வெளியேறினாலும், டெர்மினல் ஒதுக்கப்படாததால் லாஸ்ட் பட்டியலில் அவர் பெயர் வராது. லினக்ஸ் டெபியன் வகை என்றால் 'ஆத் லாக்', ரெட்ஹாட் வகை என்றால் 'செக்யூர்' கோப்பு, அல்லது கணினியின் பொதுப் பதிவான ஜர்னல்: அங்கே தேடினால்தான் 'அக்செப்டட்' என்று தொடங்கும் வரி கிடைக்கும். "லாஸ்டில் இல்லை, எனவே யாரும் வரவில்லை" என்று அறிக்கை எழுதுபவர்கள் இந்த ஓட்டையை மறந்துவிடுகிறார்கள்.

பட்டியலின் கடைசி வரியையும் பாருங்கள். கோப்பு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று அதில்தான் இருக்கும். பல சர்வர்களில் லாக்ரொட்டேட் என்ற நிரல் மாதத்துக்கு ஒருமுறை பழைய கோப்பை ஓரமாக நகர்த்திவிட்டுப் புதிதாகத் தொடங்கும். போன மாத விவரம் வேண்டுமானால் அந்தப் பழைய கோப்பின் பெயரை நீங்களே கொடுக்க வேண்டும்.

வெளியேறிய நேரம்தான் இதில் மிகவும் ஏமாற்றும் பகுதி. வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு ஒருவர் உள்ளே வருகிறார். ஆறு மணிக்கு மின்சாரம் போய் எந்திரம் அணைந்துவிடுகிறது. திங்கள் காலை 9 மணிக்கு அதை மீண்டும் இயக்குகிறார்கள். லாக்அவுட் குறிப்பை எழுத அன்று யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. லாஸ்ட் என்ன செய்யும்? எந்திரம் மீண்டும் இயங்கத் தொடங்கியதைக் குறிக்கும் அடுத்த பூட் பதிவைப் பிடித்து, அதுவரைக்கும் கணக்குப் போட்டு, 'கிராஷ்' என்ற சொல்லோடு '2+16:00' என்று காட்டும். அதாவது இரண்டு நாள் 16 மணி நேரம். உண்மையில் அவர் இருந்தது ஒரு மணி நேரம்கூட இல்லாமல் இருக்கலாம். 'கிராஷ்' என்று பார்த்தால் அந்தக் கால அளவைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

தோல்வியடைந்த முயற்சிகள் 'பிடிஎம்பி' என்ற தனிக் கோப்பில் சேரும். பெயர் கேட்கும் இடத்தில் அவசரத்தில் கடவுச்சொல்லை அடித்துவிடுபவர்கள் உண்டு. அது அப்படியே பயனர் பெயராக இங்கே பதிவாகிவிட வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் சாதாரணப் பயனர்களுக்கு இதைப் படிக்க அனுமதி தருவதில்லை. யாருடைய வசதிக்காகவும் அந்த அனுமதியைத் தளர்த்தக் கூடாது.

விண்டோஸில் சிக்கல் நேர்மாறானது. பதிவு குறைவாக இருக்காது, குவிந்து கிடக்கும். 'செக்யூரிட்டி லாக்' என்ற அதன் பதிவில் ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஓர் எண் உண்டு: 4624 என்பது வெற்றிகரமான லாகின், 4625 தோல்வி. வெறும் 4624-ஐ எண்ணி "ஒரே நாளில் இத்தனை முறை உள்ளே வந்திருக்கிறார்" என்று முடிவுகட்டுவது அபத்தம். லாகான் வகையைப் பார்த்தாக வேண்டும்: 2 என்றால் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து நுழைந்தது, 3 நெட்வொர்க் வழி, 5 ஏதோ ஒரு சேவை, 7 பூட்டிய திரையைத் திறந்தது, 10 ரிமோட் டெஸ்க்டாப். யாராவது பகிர்வு ஃபோல்டரைத் திறந்தாலே வகை 3 விழும். யூஏசி (நிர்வாக உரிமையைப் பயன்படுத்தும் முன் அனுமதி கேட்கும் வசதி) இயங்கும் எந்திரத்தில் நிர்வாகி ஒருமுறை நுழைந்தால் இரண்டு 4624 வரும், இரண்டுக்கும் வெவ்வேறு லாகான் ஐடி, அதாவது அமர்வின் அடையாள எண்.

அந்த ஐடிதான் வெளியேறலோடு சேர்த்துப் பார்க்க உதவும் கயிறு. பயனரே சைன்அவுட் கொடுத்தால் 4647. அமர்வு முடிந்ததைச் சொல்வது 4634. பெயரையும் நேரத்தையும் மட்டும் வைத்து ஜோடி சேர்த்தால் தப்பாகத்தான் போகும். திடீரென்று அணைந்த எந்திரத்தில் இவை இரண்டுமே இல்லாமல் போகலாம். திரையைப் பூட்டுவதும் திறப்பதும் 4800, 4801 என வரும், ஆனால் அதற்கான தணிக்கையை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும். சம்பவம் நடந்த பிறகு இயக்கிப் பயனில்லை. வழக்கமான அமைப்பில் செக்யூரிட்டி லாக் கோப்பின் அளவு 20 எம்பிதான். நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும்.

நேர மண்டலத்தையும் மறந்துவிட வேண்டாம். இரண்டு இயங்குதளங்களும் உலகப் பொது நேரத்தில் சேமித்து, பார்க்கும் எந்திரத்தின் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகின்றன. வேறு ஊர் சர்வரின் கோப்பை உங்கள் கணினியில் திறந்தால் மணி மாறித் தெரியும்.

யாராவது அழித்திருந்தால்? விண்டோஸ் செக்யூரிட்டி லாகைக் காலிசெய்தால், காலிசெய்த செய்தியே 1102 எனப் பதிவாகும். லினக்ஸில் அப்படி ஒரு காவல் இல்லை. ரூட் உரிமை (முழு நிர்வாக உரிமை) உள்ளவர் 'யூடிஎம்பிடம்ப்' என்ற கருவி மூலம் கோப்பை எழுத்து வடிவத்துக்கு மாற்றி, வேண்டாத வரியை நீக்கி, பழையபடி கோப்பாக்கிவிடலாம். எனவே சந்தேகம் அந்த எந்திரத்தின் நிர்வாகி மீதே என்றால் லாஸ்ட் பட்டியலைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவுகள் உடனுக்குடன் வேறொரு சர்வருக்குப் போயிருக்கின்றனவா என்று தேடுங்கள்.