மாட்டு உண்ணிக்கு மூன்று கிழமைக் கணக்கு

எங்கள் பக்க மாடுகளில் கூடுதலாக ஒட்டுகிற உண்ணி, ஏறின மாட்டை விட்டு வேறு மாட்டுக்கு மாறாது. கடுகளவில் ஏறி, ஆமணக்கங்கொட்டை அளவுக்கு ஊதி விழ ஏறத்தாழ 21 நாள். விழுந்த பெண் உண்ணி புல்லடியில் 2000க்கு மேல் முட்டையிட்டுச் சாகும். பபீசியா என்ற இரத்தக்கிருமி முட்டை வழியாகவே குஞ்சுக்கும் போய்விடும். அதனால் அயலில் வருத்தக்கார மாடு இல்லாமலே உங்கள் மாட்டுக்கு வரலாம்.

ஒருதரம் மருந்தடித்துவிட்டு "உண்ணி போகுதில்லை" என்பதில் பிழை பெரும்பாலும் மருந்தில் இல்லை. புல்லில் கிடக்கும் குஞ்சுகள் மழை ஈரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து ஏறும். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்து 12.5 சதவீதத் திரவம் என்றால் 10 லீற்றர் வாளிக்கு 20 மி.லீ. பெரிய மாட்டுக்கு 4 லீற்றராவது வேண்டும். முதுகில் தெளித்து நிறுத்தினால் வேலையில்லை. காதின் உட்பக்கம், தாடை, தொடை இடுக்கு, மடிக்கு மேல், வால் அடி எல்லாம் நனைய வேண்டும். பால் கறந்த பிறகு, பின்னேரம், மழையில்லாத நாளில் அடியுங்கள். பத்து நாளுக்கு ஒருக்கா, மூன்று தரம். கரைத்ததை அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள். குதிரைக்கு இது கூடவே கூடாது, குடல் அசைவு நின்றுவிடும், குதிரைகள் திரியும் நெடுந்தீவில் கவனம். கழிவு எண்ணெய் பூசும் பழக்கத்தை விடுங்கள், தோல்தான் வெந்து போகும்.

ஒன்றிரண்டு என்றால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம்.

மாடு தீன் எடுக்காமல் நின்றால் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38.5 முதல் 39.3 பாகை சாதாரணம். 40ஐத் தாண்டினால் கீழ் இமையை இழுத்து, வெளிறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சலம் தேத்தண்ணி நிறமாக வந்தால் கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணித்தியாலம் ஆடாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்தால் சலப்பையிலோ சிறுநீரகத்திலோ இரத்தக்கசிவு. படியாமல் முழுவதும் ஒரே நிறமாக நின்றால் இரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன, பபீசியாவாக இருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள். பிறீசியன், ஜேர்சிக் கலப்புகள் நாட்டு மாடு மாதிரித் தாங்காது.

சலம் தெளிவாக, ஆனால் கண் மஞ்சளித்து, சாணம் இறுகினால் உண்ணியால் வரும் இன்னொரு கிருமியான அனப்பிளாஸ்மாவாக இருக்கலாம். முன் தோள்பட்டைக் கழலை வீங்கினால் மூன்றாவது உண்ணிக் கிருமியான தைலேரியாவாக இருக்கலாம். மருந்து மூன்றுக்கும் வேறு: பபீசியாவுக்கு டிமினசீன், அனப்பிளாஸ்மாவுக்கு ஒக்சிரெற்றாசைக்கிளின், தைலேரியாவுக்கு பூபர்வக்குவோன். ஆகவே கடையில் கேட்டு ஊசி போட வேண்டாம். முதலில் காது நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அனப்பிளாஸ்மா ஊசியாலும் கொம்பு வெட்டும் கத்தியாலும் தொற்றும். ஒவ்வொரு மாட்டுக்கும் வேறு ஊசி பாவியுங்கள்.

ஆட்டுக்கும் செம்மறிக்கும் இந்தக் கிருமிகளின் வேறு இனங்கள் வரும், சிலவேளை மெதுவாக. அப்போது மெலிவும் வெளிறின இமையும்தான் அடையாளம். குடற்புழுவும் அப்படியே காட்டும் என்பதால் சாணத்தையும் பரிசோதியுங்கள்.

வாங்கி வந்த மாட்டை முதல்நாளே மருந்தடித்து, 21 நாள் தனிக் கொட்டிலில் கட்டுங்கள்.