பூசணிப் பிஞ்சு கொட்டுதா? பசளைக்கு முதல் பூவைப் பாருங்கோ

"பூசணி நிறையப் பூக்குது அக்கா, பிஞ்செல்லாம் மஞ்சளிச்சுக் கொட்டுது, என்ன பசளை போட?" வட்டக்கச்சியிலை எங்கடை ஒழுங்கைக்குள்ளை இதைக் கேக்காத ஆள் இல்லை. பசளை மூட்டையை அவிழ்க்க முதல் ஒரு வேலை செய்யுங்கோ. விடிஞ்ச கையோடை கொடியடியிலை கொஞ்ச நேரம் குந்தியிருந்து, பூவுக்கு ஆர் வருகினம் எண்டு பாருங்கோ. ஒருத்தரும் வரேல்லையெண்டால், யூரியா கொட்டினாலும் கொடிதான் தழைக்கும், காய் பிடிக்காது.

நீட்டுக் காம்பிலை நிக்கிறது ஆண்பூ. அதுதான் முதல்லை பூக்கும், ஆனபடியால் தொடக்கத்திலை பதறத் தேவையில்லை. பூவுக்குக் கீழை சின்னப் பிஞ்சு இருந்தால் பெண்பூ. மகரந்தம் பாரம், பிசுபிசுப்பு வேறை. சோளகம் எவ்வளவு ஊதினாலும் அதைக் காவாது, தேனீயின்ரை உடம்பிலை ஒட்டித்தான் போகவேணும். விடியப்புறம் விரியிற பூ மத்தியானத்துக்கு முதல் சுருண்டிடும். மகரந்தம் காணாமல் போனால் பிஞ்சு கொட்டும், இல்லாட்டிக் காய் கோணலாய் வரும்.

பூசணி மஞ்சளைக் காட்டி, தேனை வைச்சுக் கூப்பிடுது. புடலை பொழுதுபட்டாப்பிறகு விரியும், வெள்ளை நிறம், ஓரமெல்லாம் நூல் நூலாய். இருட்டிலை தெரியிறது வெள்ளைதானே, மணமும் சேர அந்துப்பூச்சி தேடி வரும். அதாலை பந்தலடியிலை இரா முழுக்க லைற் எரிய விடாதேங்கோ, பூச்சி லைற்றைத்தான் சுத்தும். செவ்வரத்தையின்ரை சிவப்பு தேனீக்கு வடிவாய்த் தெரியாது, அதுக்குத் தேன்சிட்டு இருக்கு.

எனக்குப் பிடிச்சது கத்தரிப்பூ. துளித் தேன் கிடையாது. நடுவிலை கூம்பாய் நிக்கிற மஞ்சள் மகரந்தப் பையளின்ரை நுனியிலை மட்டும் சின்ன ஓட்டை. கருவண்டு, அதுதான் மரத்தைத் துளைக்கிற பெரிய கறுத்தத் தேனீ, வந்து அதைக் கட்டிப்பிடிச்சு, செட்டையை அடிக்காமலே உடம்பை அதிரவைக்கும். பறக்கேக்கை கேட்ட இரைச்சல் அந்த நேரம் சட்டெண்டு மாறும், கவனிச்சால் விளங்கும். மகரந்தம் உதிர்ந்து வண்டின்ரை வயித்திலை கொட்டும். பெட்டியிலை வளக்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. வயித்திலை நீல வரி போட்ட ஒரு தேனீக்குத் தெரியும். அது மண்சுவரிலையும் வெறும் நிலத்திலையும் வளை போடுறது. பழைய மண்கொட்டில் இருந்தால் அவசரப்பட்டு இடிக்காதேங்கோ.

கூரை மரத்தைத் துளைக்குது எண்டு கருவண்டை அடிச்சுக் கொல்லுற ஆக்களும் இருக்கினம். பிறகு கொடித்தோடை (பாஷன் புறூட்) காய்க்கேல்லையெண்டு அவைதான் புலம்புறது! அந்தப் பூ பெரிசு. தேனீ மகரந்தத்தை அள்ளிக்கொண்டு, மகரந்தம் ஒட்டவேண்டிய சூல்முடியிலை முட்டாமலே போயிடும், கருவண்டின்ரை முதுகுதான் அங்கை எட்டும். பட்ட முருங்கைக் கொப்பு, காய்ஞ்ச பூவரசங்கட்டை எண்டு ரண்டை வேலியோரம் விட்டு வையுங்கோ, அது குடியிருக்கட்டும்.

மற்றது சாப்பாடு. துளசியையும் கொத்தமல்லியையும் கொஞ்சம் பூக்க விடுங்கோ, தும்பையை முழுசாய்ப் பிடுங்காதேங்கோ. வெயில் காலத்திலை தட்டைச் சட்டியிலை தண்ணி விட்டு, பூச்சி நிண்டு குடிக்கக் கல்லு போடுங்கோ. மருந்து அடிச்சே ஆகவேணுமெண்டால், பூசணிக்குப் பின்னேரம், பூ சுருண்டாப்பிறகு. காலமை விரிஞ்ச பூவிலை அடிக்கிறது வாற தேனீக்கு நஞ்சு வைக்கிற வேலை.

மாரியிலை அடைமழை எண்டால் தேனீ வெளிக்கிடாது. அப்ப நீங்கள்தான் செய்யவேணும். மழை விட்ட காலமையிலை, அண்டைக்கு விரிஞ்ச ஆண்பூவைப் பிடுங்கி இதழைக் கிழிச்செறியுங்கோ. நடுத்தண்டைத் தொட்டால் விரலிலை மஞ்சள் மா ஒட்டவேணும், ஈரமாய்க் கட்டிபட்டிருந்தால் வேறை பூ பாருங்கோ. அந்தத் தண்டைப் பெண்பூவின்ரை நடுவிலை இருக்கிற சூல்முடியின்ரை எல்லாப் பக்கமும் மெல்லமாய்த் தடவுங்கோ. சில நாளிலை பிஞ்சு பச்சையாய்ப் பருத்தால் பிடிச்சிட்டுது. பெண்பூ விரிஞ்ச நாளிலை உங்கடை கொடியிலை ஆண்பூ இல்லையெண்டால் பக்கத்து வளவிலை கேளுங்கோ. பூசணிப்பூவுக்கு ஆரும் காசு கேக்கமாட்டினம்.