தொடைக்கறி கேட்காதீர்கள்

எங்கள் சைதாப்பேட்டையில் ஞாயிறு காலை கறிக்கடையில் நிற்கிற முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: “எலும்பில்லாம தொடைக்கறி போடுங்க பாய்.” வெளிநாட்டு, வெளிமாநிலச் சமையல் செய்து பார்க்க ஆசைப்பட்டால் அதை மட்டும் கேட்காதீர்கள். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. வெறும் தொடைக்கறி நேரமாக ஆகச் சக்கையாகிவிடும். கழுத்து, முன்னங்கால், நெஞ்செலும்பு கலந்து ஒரு கிலோ வாங்குங்கள். அதிலிருக்கும் சவ்வு மெல்லக் கரைந்தால்தான் குழம்பு பிசுபிசுவென்று வரும்.

முதலில் ஜமைக்காவின் ‘கறி கோட்’, அதாவது வெள்ளாட்டுக் கறிக்குழம்பு. 1845 முதல் அங்கே போன நம் நாட்டு ஒப்பந்தக் கூலிகளோடு போன ருசி இது. ஆனால் நம் குழம்பை எதிர்பார்க்காதீர்கள். மஞ்சள் தூக்கலான கறித்தூள், ஆல்ஸ்பைஸ் என்கிற மசாலாக் காய், தைம் என்கிற வாசனை இலை, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், உப்பு போட்டு ராத்திரியே பிசறி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆல்ஸ்பைஸ் இல்லையா? கிராம்பு, பட்டை, ஒரு சிட்டிகை ஜாதிக்காய் போதும். மறுநாள் காய்ந்த எண்ணெயில் இன்னொரு ஸ்பூன் கறித்தூளை நிறம் மாறும்வரை வறுத்து, கறியைக் கொட்டிப் பிரட்டி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூடி வேகவையுங்கள். அங்கே ஸ்காட்ச் பானட் மிளகாயை உடையாமல் முழுசாக மிதக்கவிடுவார்கள், வாசனைக்காக. நாம் பச்சைமிளகாய் போட்டால் அந்த வாசனை வராது, பரவாயில்லை. கடைசி அரை மணியில் உருளைக்கிழங்கு. குக்கர் வைக்கலாமா என்று என் மருமகள் கேட்டாள். வைக்கலாம், ஆனால் அப்புறம் திறந்து வற்றவிட வேண்டும்.

மெக்சிகோவின் ஹலிஸ்கோ பக்கத்து ஆட்டுக்கறிக் குழம்பான பிர்ரியாவுக்குக் காய்ந்த மிளகாயை விதை நீக்கி ஊறவைத்து, வினிகர், பூண்டு, சீரகம், பட்டையோடு அரைக்க வேண்டும். குண்டு மிளகாய் போட்டால் வாய் வெந்துவிடும், காஷ்மீரிதான் சரி. அந்த விழுதில் கறியைப் பிரட்டி மெல்ல வேகவைத்து, சாற்றைத் தனியாக வடித்து, கறிக்கு மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. சோள ரொட்டி தேடி அலையாதீர்கள். எங்கள் வீட்டில் ஆப்பம்தான்.

வங்காளத்தில் கிளறிக் கிளறிச் செய்யும் ஆட்டுக்கறியான கோஷா மாங்ஷோவுக்குக் கடுகெண்ணெய் கட்டாயம், புகையும்வரை காய வேண்டும். தயிரில் ஊறிய கறி கருஞ்சிவப்பாகும்வரை சிறுதீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கை வலிக்கத்தான் செய்யும்.

தலை, கால், குடல் கிடைத்தால் விடாதீர்கள். ஜமைக்காவில் கல்யாணங்களுக்கு அவற்றை வைத்து ‘மேனிஷ் வாட்டர்’ என்று ஒரு சூப் வைக்கிறார்கள், வாழைக்காயும் போட்டு. போட்டிக் குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. வாழைக்காயை மட்டும் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் குழைந்துவிடும்.