வெளுத்துப்போன தனுஷ்கோடி வானத்தை லேயர் மாஸ்க்கால் மீட்பது எப்படி?

1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தை ஒரே சொடுக்கில் எடுத்தால் ஒன்று வானம் கெடும், இல்லையேல் சுவர் கெடும். பவளக்கல் சுவர் தெளிவாக விழும்போது வானம் வெள்ளைத்தாள் ஆகிவிடும். நீலத்தைப் பிடித்தால் சுவர் கரியாகிவிடும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, சுவருக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) இரண்டு படம் எடுங்கள். கடற்காற்று ஆட்டும், ஸ்டாண்டின் நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம்.

இந்த வேலைக்குக் கட்டணமில்லாத படத்திருத்த மென்பொருளான கிம்ப் தாராளம். கன்ட்ரோல், ஆல்ட், ஓ மூன்றையும் அழுத்தி இரண்டு படங்களையும் லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திறங்கள். சுவர் நன்றாக உள்ளது கீழே, வானம் நன்றாக உள்ளது மேலே. மேல் லேயரின் ஒபாசிட்டியை (கீழ்ப்படத்தை மறைக்கும் அளவை) 50 ஆக்கி, சுவர் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்வரை நகர்த்திவிட்டு, மறுபடி 100 ஆக்குங்கள்.

மாஸ்க் என்பது மேல் லேயரில் எது தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளை உள்ள இடத்தில் மேல் படம் தெரியும், கறுப்பு உள்ள இடத்தில் மறையும், சாம்பலில் பாதி தெரியும். பலரும் வெள்ளை மாஸ்க் போட்டு பிரஷ்ஷால் சுவரைச் சுற்றித் தீட்டத் தொடங்குவார்கள். இடிந்த ஜன்னல் வளைவுகளுக்குள்ளும் வானம் தெரிகிறதே, அங்கே கை தோற்கும். பாம்பன் பாலத்து இரும்புச் சட்டங்களுக்கும் இதே கதிதான். மாஸ்க்கைப் படத்திலிருந்தே எடுப்பதுதான் சரியான வழி.

மேல் லேயரில் வலது சொடுக்கு, ‘ஆட் லேயர் மாஸ்க்’, அதில் ‘கிரேஸ்கேல் காப்பி ஆஃப் லேயர்’. வானம் வெளிச்சம், சுவர் இருட்டு என்பதால் பாதி மாஸ்க் தானாகவே வந்துவிடும். ஃபோட்டோஷாப்பில் இந்தத் தேர்வு இல்லை. படத்தை நகலெடுத்து, மாஸ்க்கை ஆல்ட் சொடுக்கில் திறந்து ஒட்ட வேண்டும்.

இனி ஆல்ட் விசையோடு மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் வரும், பச்சைக் கட்டத்தோடு. வெளிச்சம், இருட்டைத் திருத்தும் லெவல்ஸ் கருவியைத் திறந்து வலது முக்கோணத்தை இடப்பக்கம் இழுங்கள், வானம் வெள்ளையாகும். இடது முக்கோணத்தை வலப்பக்கம் இழுங்கள், சுவர் கறுக்கும். இரண்டையும் முட்டும்வரை நெருக்காதீர்கள். விளிம்பு கத்தரியால் வெட்டியதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் சாம்பல் மிஞ்சட்டும். பிறகு விளிம்பை மென்மையாக்க 1 முதல் 2 பிக்சல் காஸியன் பிளர் (மங்கலாக்கும் வடிகட்டி) போதும். கூட்டினால் சுவரைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும், கீழ்ப்படத்தின் வெளுத்த வானம் அங்கே கசிவதால். ஏற்கெனவே வளையம் விழுந்திருந்தால் லெவல்ஸின் நடு முக்கோணத்தைச் சற்று இடப்பக்கம் தள்ளுங்கள், அடங்கும்.

தனுஷ்கோடி மணலும் வெளிச்சம்தான், மாஸ்க்கில் அதுவும் வெள்ளையாகவே விழும். அடிவானத்துக்குக் கீழே கறுப்பு பிரஷ்ஷால் முழுவதும் மூடுங்கள். கடல் தெரிந்தாலும் சேர்த்தே மூடுங்கள்: இரண்டு படங்களிலும் அலை ஒரே இடத்தில் இருக்காது, கலந்தால் நுரை இரட்டையாகத் தெரியும்.

தீட்டும் முன் வெள்ளைக் கோடு எந்தச் சிறுபடத்தைச் சுற்றி ஓடுகிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பிரஷ் பட்ட இடத்தில் கீழ்ப்படம் தெரியாமல் கறுப்பு மையே அப்பினால், நீங்கள் தீட்டுவது மாஸ்க்கில் அல்ல, படத்தில். உடனே கன்ட்ரோல் இஸட். பிறகு மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கிவிட்டுத் தொடருங்கள்.

கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்த பிறகே ஜேபெக் எடுங்கள். ஜேபெக்கில் மாஸ்க் தங்காது.