பிடிக்காததும் ஒத்துக்கொள்ளாததும் ஒன்றல்ல: பசும்பால், தாவரப் பால் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூடான காபியில் முதல்முறை சோயா பாலை ஊற்றியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கோப்பையின் ஓரத்தில் வெள்ளைத் துகள்கள் எழும்பின. கரண்டியால் கலக்கக் கலக்க அவை பெருகின. கடைசியில் கீழே பழுப்பு நீர், மேலே பிய்த்துப் போட்ட பஞ்சுபோல ஒரு திரள். பால் கெட்டுவிட்டது என்று நினைத்து, அன்றுதான் திறந்த பெட்டியை அப்படியே கொட்டிவிட்டேன். "சோயா பால் எனக்குப் பிடிக்காது" என்று அதற்குப் பிறகு நான்கு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பால் கெட்டிருக்கவில்லை. காபி அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5. பிஎச் 4.5-ஐ நெருங்கும்போது சோயா புரதம் திரளத் தொடங்கும். சூடும், பாலில் சேர்த்திருக்கும் கால்சியமும் அதை விரைவுபடுத்தும். பசும்பாலின் கேசீன் புரதமும் 4.6 அளவில் திரளக்கூடியதுதான்; ஆனால் காபியின் சூட்டில் அது சோயாவைவிட நிலைத்து நிற்கும். காபியை ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, சோயா பாலை இளஞ்சூடாக்கிக் கோப்பையில் எடுத்துக்கொண்டு, அதன்மேல் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பெரும்பாலும் திரியாது. காபிக்கென்றே தயாரித்து 'பாரிஸ்டா' என்று குறித்த பெட்டிகள் பலவற்றில் அமிலத்தை மட்டுப்படுத்தும் பாஸ்பேட் உப்பு சேர்த்திருப்பார்கள். அவை இன்னும் நன்றாகத் தாங்கும். இது தெரியாமல் நான்கு வருடம் ஒரு பானத்தையே ஒதுக்கி வைத்திருந்தேன்.

பாலை மறுக்கும்போது நாம் மூன்று சொற்களைச் சொல்கிறோம்: பிடிக்கவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை, வேண்டாம். முதலாவது நாக்கு சொல்வது, இரண்டாவது உடம்பு சொல்வது, மூன்றாவது மனம் சொல்வது. மூன்றுமே மதிக்கத்தக்க காரணங்கள். ஆனால் நாக்குக்குப் பிடிக்காததை "உடம்புக்குக் கெடுதல்" என்றும், மனத்துக்கு உகந்ததை "சத்தில் இரண்டும் ஒன்றுதான்" என்றும் மாற்றிச் சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் தவறுகள் முளைக்கின்றன.

பெயரில் மட்டும் பால்

தாவரப் பால் என்று ஒரு பொருள் கிடையாது. சோயா, ஓட்ஸ், பாதாம், அரிசி, தேங்காய், பட்டாணி என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பானம். ஒன்றைக் குடித்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்வது முதல் தவறு. அதைவிடப் பெரிய தவறு, ஒரு தம்ளர் பசும்பாலை எடுத்துவிட்டு அதே தம்ளரில் இன்னொன்றை நிரப்பினால் உடம்புக்குக் கணக்கு சரியாகிவிடும் என்று நம்புவது.

என் அம்மாவுக்கு வயிற்றுப் பொருமல் இருந்ததால் பாலை நிறுத்திவிட்டு, பாதாமை நீரில் அரைத்து வடித்து, பெட்டியில் அடைத்து விற்கும் பாலுக்கு மாறினார். பாதாம் சத்தானது, ஆகவே அதன் பாலும் சத்தானது என்பது அவருடைய கணக்கு. ஒருநாள் பெட்டியைத் திருப்பி இருவரும் சேர்ந்து படித்தோம். பாதாம் 2.3 சதவீதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். புரதம் 100 மில்லிக்கு 0.5 கிராம். பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 3.3 கிராம் புரதம் உண்டு. நாளுக்கு இரண்டு தம்ளர், அதாவது 400 மில்லி என்று வைத்துக்கொண்டால், முன்பு 13 கிராம் கிடைத்த இடத்தில் இப்போது 2 கிராம். வயதாக ஆகத் தசை கரையும். அந்த வயதில் தினமும் 11 கிராம் புரதம் குறைவது சிறிய விஷயமில்லை. பெட்டியில் 'கொழுப்பு குறைவு', 'இயற்கையானது' என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது, இந்த 0.5 பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

சோயா பால் மட்டும் புரதத்தில் பசும்பாலுக்கு அருகில் நிற்கிறது: 100 மில்லிக்கு 3 கிராம் அளவில். பட்டாணிப் புரதம் சேர்த்த பாலும் ஏறக்குறைய அப்படியே. ஓட்ஸ் பாலில் 1 கிராம் சுமார். அரிசிப் பாலில் அதுவும் இல்லை. கால்சியம் பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம். தாவரப் பாலில் அது இயல்பாகக் குறைவு; ஆலையில் சேர்த்தால்தான் உண்டு. வைட்டமின் பி12-ம் அயோடினும் அப்படித்தான். பி12 சேர்ப்பவர்கள்கூட அயோடினை மறந்துவிடுவது உண்டு. ஐரோப்பாவில் 'ஆர்கானிக்' என்று விற்கப்படும் தாவரப் பாலில் பெரும்பாலும் இந்தச் சத்துகளைச் சேர்க்க விதிமுறை இடம் கொடுப்பதில்லை. கூடுதல் நல்லது என்று எண்ணி அதைத் தேடி வாங்குபவருக்குக் கால்சியம் குறைவாகக் கிடைக்கிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

பெயர் குறித்து நீதிமன்றம்வரை சண்டை நடந்திருக்கிறது. விலங்கின் மடியிலிருந்து வராததை, ஒருசில விதிவிலக்குகள் தவிர, 'பால்' என்று விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017-இல் சொன்னது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் வெளியிட்ட வரைவில் அந்தப் பெயரை அனுமதித்து, பசும்பாலோடு ஒப்பிட்டுச் சத்து வேறுபாட்டைப் பெட்டியில் குறிப்பிடும்படி பரிந்துரைத்தது. எனக்கு இரண்டாவது வழி பிடித்திருக்கிறது. பெயரைப் பிடுங்கிக்கொள்வதால் யாருக்கும் தெளிவு வந்துவிடாது. எண்ணைக் காட்டினால் வரும்.

வயிறு சொல்வதைத் தவறாகக் கேட்பது

பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இரண்டு வேறு பொருள்கள் உண்டு. இரண்டையும் குழப்பினால் உயிருக்கே ஆபத்து.

ஒன்று, லாக்டோஸ் செரியாமை. பாலில் 100 மில்லிக்கு 5 கிராம் அளவில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைந்துவிடுகிறது. உலகின் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படித்தான். செரியாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் நொதித்து, உப்புசம், வாயு, பேதி என்று தொல்லை தருகிறது. தொல்லைதான், ஆபத்தில்லை. இவர்களில் பலரால் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ்வரை, அதாவது ஒரு தம்ளர் பாலைப் பெரிய சிரமமின்றித் தாங்க முடியும். தயிரும் நாட்பட்ட கெட்டிப் பாலாடைக்கட்டியும் இன்னும் எளிது. லாக்டோஸ் நீக்கிய பசும்பாலும் உண்டு: நொதியைச் சேர்த்து அந்தச் சர்க்கரையை முன்கூட்டியே உடைத்துவிடுகிறார்கள். உடைந்த சர்க்கரை கூடுதலாக இனிக்கும் என்பதால் பால் சற்றுத் தித்திப்பாக இருக்கும். யாரும் சர்க்கரை கொட்டிவிடவில்லை. அம்மா கடைசியில் வந்து சேர்ந்தது இங்கேதான். பொருமலும் போயிற்று, புரதமும் திரும்பியது.

மற்றொன்று, பால் ஒவ்வாமை. இது பால் புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக நினைத்துத் தாக்குவது. தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் என்று நிமிடங்களில் முற்றலாம். இவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பால் கொடுப்பது பெருந்தவறு, புரதம் அதில் அப்படியே இருக்கிறது. "ஆட்டுப் பால் கொடுத்துப் பார்" என்ற அறிவுரையும் அதே அளவு ஆபத்தானது; ஆட்டுப் பால் புரதம் பசும்பால் புரதத்தை ஒத்திருப்பதால் பெரும்பாலானவர்களுக்கு அதுவும் சேராது. லாக்டோஸ் செரியாதவருக்கும் ஆட்டுப் பால் விடையில்லை, அதிலும் லாக்டோஸ் உண்டு. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஒவ்வாது. எனவே மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

பால் குடித்தால் சளி பிடிக்கும் என்பதும் இங்கே சேரும். 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடந்தது. எது எந்தப் பால் என்று தெரியாதபடி சுவை சேர்த்து, சிலருக்குப் பசும்பாலும் சிலருக்குச் சோயா பானமும் கொடுத்தார்கள். தொண்டையில் கெட்டியாகப் படிந்ததுபோன்ற உணர்வை இரு தரப்பினருமே சொன்னார்கள். அந்த உணர்வு பொய்யில்லை. கொழகொழப்பான பானம் எச்சிலோடு கலந்து சற்று நேரம் தங்குகிறது. அது சளி ஊறுவது ஆகாது. தொண்டையில் அந்தப் படிவு பிடிக்காதவர் பாலைத் தவிர்க்கலாம். பிடிக்கவில்லை என்பதே போதிய காரணம்.

குழந்தைகள் விஷயத்தில் விருப்பத்துக்கு இடமில்லை

பெரியவர் தன் உடம்பில் தன் விருப்பப்படி பரிசோதித்துக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கு அப்படியில்லை. 12 மாதத்துக்குள் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கென்றே தயாரித்த ஃபார்முலாவுக்கோ மாற்றாகப் பசும்பாலையும் கொடுக்கக் கூடாது, கடையில் பெட்டியில் கிடைக்கும் எந்தத் தாவரப் பாலையும் கொடுக்கக் கூடாது. 2016-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு குறிப்பை மறக்க முடியவில்லை. ஃபார்முலாவுக்குப் பதில் பாதாம் பானம் கொடுத்து வளர்த்த 11 மாதக் குழந்தை. கால் ஊன்ற மறுத்தது, தொட்டால் அழுதது. பார்த்தால் ஸ்கர்வி: பண்டைய மாலுமிகளைக் கொன்ற, வைட்டமின் சி இல்லாமையால் வரும் நோய். வைட்டமின் கொடுத்ததும் குழந்தை தேறியது. பெற்றோர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நல்லது என்று நம்பித்தான் செய்தார்கள்.

ஒரு வயதுக்குப் பிறகு, பசும்பாலுக்கு ஓரளவு ஈடாக நிற்பது கால்சியமும் வைட்டமின்களும் சேர்த்த, இனிப்பில்லாத சோயா பால்தான். அரிசிப் பாலில் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கக்கூடும் என்பதால் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது.

பெட்டியைக் குலுக்காமல் ஊற்றுவது

சிறிய தவறுபோலத் தோன்றும். ஆனால் தாவரப் பாலில் சேர்க்கும் கால்சியம் பெரும்பாலும் கரையாத நுண்பொடி. நிற்கும் பெட்டியில் அது அடியில் படிந்துவிடும். காலிப் பெட்டி ஒன்றை வெட்டித் திறந்து பாருங்கள். அடிமூலையில் விரலால் வழித்து எடுக்கலாம், சுண்ணாம்புக் குழம்பு மாதிரி இருக்கும். ஒரு வாரமாக நீங்கள் குடித்ததாக நினைத்த கால்சியத்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

'சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற வரியையும் நின்று படிக்க வேண்டும். ஓட்ஸ் பால் தயாரிக்கும்போது மாவுச்சத்தை நொதியால் உடைக்கிறார்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்டு ஓஸ்டே 1990-களில் உருவாக்கிய முறை இது. அந்த உடைப்பில் மால்ட்டோஸ் என்ற சர்க்கரை பாலுக்குள்ளேயே பிறக்கிறது. எனவே வெளியிலிருந்து ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காமலே பல ஓட்ஸ் பால்களில் 100 மில்லிக்கு 3, 4 கிராம் சர்க்கரை இருக்கும். பலருக்கும் ஓட்ஸ் பால் உடனே பிடித்துப்போவதற்கு அந்த மென்மையான தித்திப்பே காரணம். நீரிழிவு உள்ளவர் மட்டும் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பசும்பாலின் கால்சியமும், தாவரப் பாலில் சேர்த்த கால்சியமும், சோயாவும் அந்த மாத்திரையிலுள்ள லெவோதைராக்சின் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பாலை மாற்றியதால் இந்தச் சிக்கல் தீராது. மாத்திரைக்கும் பாலுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வேலைக்கு ஏற்றதை எல்லா வேலைக்கும் வைப்பது

பாதாம் பாலில் உறை ஊற்றிவிட்டு, தயிர் தோயவில்லை என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயிர் இறுகுவது புரதத்தால். பாதாமிலும் ஓட்ஸிலும் அதற்குப் போதிய புரதமில்லை. மாவோ வேறு கெட்டிப்பொருளோ சேர்க்காமல் அது கெட்டிப்படாது. சோயா பால் தோயும். வீட்டில் சோயா பால் எடுப்பவர்கள் அந்தப் பச்சை வாடைக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். அந்த வாடை சோயாவிலேயே இருந்து வருவதில்லை, ஊறிய பருப்பைக் குளிர்ந்த நீரில் அரைக்கும்போது ஒரு நொதி வேலை செய்து உண்டாக்குவது. கொதிக்கும் நீரை ஊற்றி அரைத்தால் நொதி செயலிழந்து வாடை வெகுவாகக் குறையும். அரைத்த பாலை நன்றாகக் கொதிக்க வைப்பதும் கட்டாயம். பச்சையாகக் குடித்தால் அதிலுள்ள பொருள்கள் புரதச் செரிமானத்தைத் தடுக்கும்.

ருசி பார்க்கும்போதும் இதை நினைவில் வைக்கலாம். குளிர்ந்த தம்ளரில் தனியாகக் குடித்துப் பிடிக்காத ஓட்ஸ் பால், காபியில் பசும்பாலைவிடப் பிடித்துப்போகலாம். கூடவே, பசும்பாலின் நினைவை நாக்கில் வைத்துக்கொண்டு அதன் நகலாக இன்னொன்றைத் தேடினால் எதுவும் தேறாது.

மனச்சாட்சியின் கணக்கு

சுற்றுச்சூழலை எண்ணி மாறுபவர்களை நான் மதிக்கிறேன். அந்தக் கணக்கு பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான். ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகச் சராசரியாக ஒரு லிட்டர் பசும்பாலுக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல் பசுங்குடில் வாயு வெளியாகிறது. சோயா, ஓட்ஸ், பாதாம் பால்களுக்கு 1 கிலோவுக்குள். தண்ணீர் என்று வந்தால் பசும்பாலுக்கு 628 லிட்டர், பாதாமுக்கு 371, ஓட்ஸுக்கு 48, சோயாவுக்கு 28. ஆகவே தண்ணீருக்காக மாறுபவர் பாதாமைத் தேர்ந்தெடுப்பது பாதி வழியில் நிற்பதுபோல. இவை சராசரிகள் என்பதையும், இந்தக் கணக்கு லிட்டருக்குத்தான், புரதத்துக்கு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். புரதத்தை வைத்துப் பார்த்தால் பாதாம் பாலின் இடம் இன்னும் இறங்கும், சோயாவின் இடம் இறங்காது.

வீட்டுக்கு வருபவர் பால் வேண்டாம் என்றால் இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "பிடிக்காதா, ஒத்துக்கொள்ளாதா?" ஒத்துக்கொள்ளாது என்றால் பால் தொட்ட கரண்டியையும் பாத்திரத்தையும் மாற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். பிடிக்காது என்றால் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.