வாட்டர் பேப்பரைக் கையில் எடுக்கும் முன்

வீட்டில் கார் பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மறதியால் வருகின்றன. நாம் தேய்ப்பது நிறத்தை அல்ல, அதற்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சை, அதாவது ‘கிளியர் கோட்’டை. கம்பெனி பெயிண்டில் அது பொதுவாக 40, 50 மைக்ரான்தான் இருக்கும், ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

அதனால் முதல் தவறு, தேவையே இல்லாத இடத்தில் தேய்ப்பது. கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நிற்கிறது, பல சமயம் காம்பவுண்ட் (கோடுகளைத் தேய்த்தெடுக்கும் பசை) மட்டுமே போதும். நகத்தை ஓட்டும்போது சிக்கினால் கீறல் ஆழம். அதை முழுக்கத் தேய்த்தெடுக்க முயன்றால் கிளியர் கோட்டே போய்விடும்.

அடுத்தது, வாட்டர் பேப்பரின், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளின் நம்பர். நம்பர் குறையக் குறைய சொரசொரப்பு கூடும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 1000-ல் ஆரம்பிப்பவர்கள், அது போட்ட கோடுகளை எடுக்கவே அரை நாள் செலவழிக்கிறார்கள். 2000-ல் தொடங்கி 3000-க்குப் போனால் பெரும்பாலான வேலைக்குப் போதும். பேப்பரைப் பத்து நிமிடமாவது தண்ணீரில் ஊற வையுங்கள், இரண்டு சொட்டு ஷாம்பூ விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். வெறும் விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகும், அதற்கு ரப்பர் பிளாக் வேண்டும். வண்டியைச் சரியாகக் கழுவாமல் தொடங்கினால், பேப்பருக்கு அடியில் மாட்டும் ஒரு மணல் துகள் போதும், புதுக் கீறல் போட.

வழிந்து வரும் தண்ணீரையும் கவனியுங்கள். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் கிளியர் கோட். வண்டியின் நிறம் கலந்து வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கிளியர் கோட் அடிக்காத பழைய வண்டிகளில் மட்டும் நிறம் வருவது இயல்பு. வெள்ளை வண்டியில் இந்த அடையாளம் கிடைக்காது, அங்கே இன்னும் நிதானம் தேவை.

விளிம்புகளைப் பற்றி நான் பட்டே தெரிந்துகொண்டேன். எங்கள் நீல நிற வண்டியின் பானெட் ஓரத்தில், காம்பவுண்ட் தேய்க்கும் பாலிஷ் மெஷினை இரண்டு மூன்று நொடி கூடுதலாக நிறுத்திவிட்டேன். எடுத்துப் பார்த்தால் மெஷினில் சுழலும் பேடில் நீலம் ஒட்டியிருந்தது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெல்லியதாக நிற்கும், மெஷினின் அழுத்தமும் அங்கேதான் குவியும். இப்போது ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் நான் மெஷினைத் தொடுவதில்லை. கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு அந்த ஓரத்தைக் கையாலேயே மெதுவாக மெருகேற்றுகிறேன்.

மெஷின் என்றதும் டிரில்லில் பேடை மாட்டி ஓட்டுவது பலரின் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். ஒரே இடத்தில் சுழலும் பேட் சட்டென்று சூடேற்றிப் பெயிண்டைக் கருக்கிவிடும், பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் வேகமாக. சுழற்சியோடு அதிர்வும் சேர்ந்த டியூயல் ஆக்ஷன் மெஷின்தான் புதியவர்களுக்கு ஏற்றது. இடையிடையே புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் ஆறவிடுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் தொடங்கவே கூடாது, காம்பவுண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காம்பவுண்டுக்கு ஒரு பேட், பாலிஷுக்கு வேறொரு பேட். கீழே விழுந்த பேடைக் கழுவாமல் திரும்ப மாட்ட வேண்டாம். துடைக்கப் பழைய பனியன் துணியும் வேண்டாம், அதன் தையல் கோடு போடும். மைக்ரோஃபைபர் துணி எடுங்கள்.

அப்புறம், பளபளப்பைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நம்பிவிடுகிறோம். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் மெல்லிய கோடுகளை மறைத்து வைத்திருக்கும், நான்கு தடவை கழுவியதும் அவை திரும்பத் தெரியும். தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துவிட்டு, ஷெட் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அப்போதும் கோடு தெரியவில்லை என்றால் வாக்ஸ் டப்பாவைத் திறக்கலாம்.