ரிவர்ஸ் மட்டும் எடுக்கவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவரை டி-யில் போட்டால் முன்னால் போகிறது, ஆர்-இல் போட்டால் அசைய மறுக்கிறது. இதைச் சொன்ன உடனே "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கிடலாம்" என்று தீர்ப்பு வந்துவிடும். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் இறக்கினால், பிளேட், சீல் எல்லாம் மாற்றித் திரும்ப ஏற்றிய பிறகும் ரிவர்ஸ் வராது. மறுபடி இறக்க வேண்டியதுதான்.

முதல் தவறு, எனக்குத் தெரிந்து பெரிய தவறும் அதுதான்: ரிவர்ஸ் வரவில்லை என்றால் ரிவர்ஸை மட்டுமே பார்ப்பது. மேனுவல் கியர்பாக்ஸில் ரிவர்ஸுக்கென்று தனியாக ஒரு பல்சக்கரம் இருக்கும். வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் இருப்பது பிளானட்டரி கியர் செட்: நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சிறு பல்சக்கரங்கள், வெளியே ஒரு பல் வளையம். அதில் எந்தக் கிளட்ச் பிடிக்கிறது, எந்த பேண்ட் (சுற்றி இறுக்கும் பட்டை) இறுக்குகிறது என்ற சேர்க்கையைப் பொறுத்துத்தான் ஒவ்வொரு கியரும் கிடைக்கிறது. ரிவர்ஸுக்கு உழைக்கும் கிளட்ச் பெரும்பாலும் வேறொரு கியருக்கும் உழைக்கும். அந்தக் கியர் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பல நான்கு கியர் பெட்டிகளில் லோ-ரிவர்ஸ் பிரேக் என்று ஒன்று உண்டு. இது சக்கர பிரேக் அல்ல, பெட்டிக்குள்ளே ஒரு பாகத்தைச் சுழலாமல் பிடிப்பது. அது ஆர்-இலும் எல்-இலும் (லோ, முதல் கியர்) வேலை செய்யும். டி-யில் முதல் கியருக்கு அது தேவையே இல்லை, ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் ஒன்-வே கிளட்ச் பார்த்துக்கொள்ளும். அதனால் "டி நல்லா இருக்கே" என்பது இந்த விஷயத்தில் எதையும் சொல்லாது. லீவரை எல்-இல் போட்டு மெதுவாக ஓட்டி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுத்தால் லோ-ரிவர்ஸ் பிரேக் நன்றாக இருக்கிறது, சந்தேகம் ரிவர்ஸ் கிளட்ச் பக்கம் போகிறது. பிடிப்பே இல்லாமல் வண்டி உருண்டுகொண்டே போனால், அந்தப் பிரேக்கைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாப் பெட்டிக்கும் இதே கணக்கு பொருந்தாது. ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ பெட்டியில் சன் ஷெல் (நடுப் பல்சக்கரத்தோடு இணைந்த உலோகக் கூடு) உடைந்தால் ரிவர்ஸோடு இரண்டாவது, நான்காவது கியர்களும் போய்விடும். ஒன்றும் மூன்றும் இருக்கும். வண்டிக்காரரோ ரிவர்ஸை மட்டும்தான் சொல்வார். இரண்டாவது கியர் இல்லாததை "நடுவுல கொஞ்சம் ரேஸ் ஆகும்" என்று போகிற போக்கில் சொல்லுவார், அதுவும் கேட்டால்தான். எந்தக் கியருக்கு எந்தக் கிளட்ச் என்று காட்டும் அட்டவணை அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஆரம்பிக்கக் கூடாது.

அடுத்தது, "நகரவில்லை" என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு கோளாறுகளைப் போட்டுக் குழப்புவது. ஆர்-இல் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் நியூட்ரலில் இருப்பது போலச் சும்மா ரேஸ் ஆகிறதா? அப்படியானால் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. இன்ஜின் திணறி அடங்கப் பார்க்கிறதா? அப்படியானால் பிடிக்கக் கூடாத ஒன்றும் சேர்ந்து பிடிக்கிறது. முன்னால் போகப் பிடிக்கும் ஃபார்வர்டு கிளட்ச் விடுபடாமல் ஒட்டிக்கொண்டால் இப்படி ஆகும். லீவர் நியூட்ரலில் இருக்கும்போதே வண்டி முன்னால் ஊர்ந்தால் அது உறுதி. அப்புறம், ஹேண்ட் பிரேக்கோ பின்சக்கர பிரேக்கோ சிக்கியிருந்தாலும் இன்ஜின் திணறும். நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஆயில் விஷயத்தில் பார்க்கும் முறையே தவறிவிடுகிறது. பெரும்பாலான பெட்டிகளில் ஆயில் சூடாகி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். ஹோண்டா வண்டிகள் பலவற்றில் இன்ஜினை அணைத்த பிறகு. டிப்ஸ்டிக் இல்லாதவற்றில் குறிப்பிட்ட வெப்பநிலையில் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். ரிவர்ஸில் தாங்க வேண்டிய முறுக்குவிசை அதிகம் என்பதால், கிளட்சுகளைப் பிடிக்கவைக்கும் ஆயில் அழுத்தத்தையும் பெட்டி அப்போது கூட்டிக் கொடுக்கும். அதனால்தான் சிறு கசிவு கூட முதலில் ரிவர்ஸில் தலைகாட்டும். சரி, அளவுக்கு அதிகமாகவே ஊற்றிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் வம்பு: சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், அழுத்தம் விழும்.

பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறது, அதனால் லீவர் கேபிள் சரி என்று முடிவு கட்டுவதும் நடக்கிறது. விளக்கை எரியவைப்பது ஸ்விட்ச். உள்ளே மேனுவல் வால்வு (லீவரோடு நகர்ந்து ஆயிலுக்கு வழிவிடும் வால்வு) ஆர் இடத்தில் சரியாக நின்றதா என்பது வேறு கேள்வி. கேபிளைக் கழற்றி, அது மாட்டியிருந்த, பெட்டியின் மேலிருக்கும் நெம்புகோலை நேராக ஆர்-க்குத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஸ்கேனரை நம்புவதிலும் ஒரு அளவு வேண்டும். அது காட்டும் கோளாறுக் குறியீடுகளில் பி0700 என்பது "கியர்பாக்ஸ் கணினியைக் கேள்" என்ற தகவல் மட்டுமே. பி0736 ரிவர்ஸ் விகிதம் தவறு என்கிறது, ஏன் என்று சொல்லாது. பல பெட்டிகளில் ரிவர்ஸ் நேரடியாக மேனுவல் வால்வு வழியாகவே கிடைக்கும், பெட்டியின் மின் கனெக்டரைப் பிடுங்கினால் கூட வரும். அப்படிப்பட்டவற்றில் சொலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) வாங்கி மாட்டுவது வீண் செலவு. சில பெட்டிகளில் வண்டி முன்னால் ஓடும்போது ரிவர்ஸ் விழாமல் தடுக்கும் சொலினாய்டு உண்டு. அங்கே ஸ்பீடு சென்சார் பொய் சொன்னாலும் ரிவர்ஸ் கிடைக்காது.

ஸ்டால் டெஸ்ட் (பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுதாகக் கொடுத்துப் பார்ப்பது) செய்பவர்கள் 5 விநாடியைத் தாண்டவே கூடாது. ஆயில் கொதித்து, நன்றாக இருந்த கிளட்சும் கருகும். கோளாறு குளிர்ச்சியிலா, சூட்டிலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டும் தாமதமாகப் பிடித்தால் பிஸ்டன் சீல் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கலாம். சூடான பிறகு நழுவினால் பம்ப் தேய்மானமோ உள்கசிவோ இருக்கலாம். சிவிடி, ஏஎம்டி, டூயல் கிளட்ச் வண்டிகளின் அமைப்பே வேறு. மேலே சொன்ன எல்-ஆர் ஒப்பீட்டை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இதெல்லாம் பார்த்தும் புரியவில்லை என்றாலும், பெரும்பாலான வண்டிகளில் பெட்டியை இறக்காமலே அடியிலுள்ள ஆயில் பேனையும், ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியையும் கழற்றலாம். ரிவர்ஸ் கிளட்சுக்குப் போகும் துளையில் 30 முதல் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைக் கொடுத்துக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "டப்" என்று பிஸ்டன் அடித்தால் கோளாறு பெரும்பாலும் கையில் இருக்கும் வால்வு பாடியில். "உஸ்ஸ்" என்று காற்று மட்டும் போனால் சீல் போயிருக்கிறது. அப்போது இறக்கலாம்.